ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியாரும் தேகப்பயிற்சியும்

ஒரு தேசத்தின் வாலிபர்கள் பலசாலிகளாக இருக்க வேண்டுமென்று விரும்பாதார் எவருமில்லை. ஆனால் அந்தப் பலத்தை வளர்த்துக் கொடுப்பவர் யார் என்பதைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் சிந்திப்பதில்லை. பந்தயத்தில் ஒருவன் வெற்றி பெற்று வந்தால் மாலை போடுகிறோம்; தோற்று வந்தால் தூற்றுகிறோம். பத்து வயதில் அவனைக் கைப்பிடித்து மைதானத்துக்கு அழைத்துச் சென்ற உபாத்தியாயர் யார், அவர் என்ன கற்றிருந்தார், அவருக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்பதே கிடையாது. இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு கலாசாலையையே எழுப்பிச் சென்ற பெருந்தகை ஒருவர் நம் கொங்கு நாட்டில் வாழ்ந்தார். அவரைக் கல்வி மந்திரியாகவும் தமிழ்த் தொண்டராகவும் அறிந்தவர்கள் அநேகர். தேகப்பயிற்சிக்கு அவர் செய்த உபகாரத்தை அறிந்தவர்கள் சிலரே.

திருப்பூரில் 1903-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி பிறந்தவர் ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். செல்வம் நிறைந்த குடும்பம். சென்னையில் சட்டம் படித்துத் தேறி, வழக்கறிஞர் தொழிலில் புகுந்தார். கோவை ஜில்லாவில் பஞ்சு வியாபாரமும் ஆலைத் தொழிலும் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. குடும்பத் தொழிலைக் கவனித்திருந்தாலும், கோர்ட்டில் வாதாடியிருந்தாலும், அவருக்குப் பொருட்குறை வந்திராது. ஆனால் அவர் மனம் வேறு திசையில் சென்றது. காங்கிரஸில் சேர்ந்தார். கோவை ஜில்லா காங்கிரஸ் கமிட்டியின் தலைமையை ஏற்றார். 1930-இல் தொடங்கிய சட்டமறுப்பு முதல் 1942-ஆம் வருஷத்துப் போராட்டம் வரையில் நான்கு முறை சிறை புகுந்தார். 1935 முதல் சுமார் பத்து வருஷ காலம் மத்திய சட்டசபையில் அங்கத்தினராக இருந்தார். மணம் செய்துகொள்ளாமல் பிரம்மசரிய விரதம் பூண்டு, தம் பங்குச் சொத்தையும் தாம் தொடங்கிய கல்வி ஸ்தாபனத்துக்கே அர்ப்பணம் செய்தார்.

ஸ்ரீ ராமகிருஷ்ணரிடத்தும் சுவாமி விவேகானந்தரிடத்தும் இளமையிலேயே அவருக்கு உண்டான பக்திதான் இவ்வளவுக்கும் மூலம். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897-இல் சென்னையில் நிகழ்த்திய பிரசங்கங்களில், உடல் பலவீனம் நம்மவரின் துன்பங்களுக்கு ஒரு பெருங்காரணம் என்று இடித்துரைத்தார். வேதாந்தம் பேசும் வாலிபர்கள் முதலில் கால்பந்தாடித் தசையை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கருத்தையும் அங்கேதான் வெளியிட்டார். அக்கருத்தைப் போற்றினவர் பலர்; அதைக் காரியத்தில் கொண்டுவந்தவர் சிலர். அந்தச் சிலருள் செட்டியாரும் ஒருவர்.

1930-இல் கோவையில் அவர் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். அந்நாளில் ஹரிஜனங்கள் என்று அழைக்கப்பட்ட வகுப்பாரின் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, படிக்கும் குருகுலமாக அது அமைந்தது. 1934-இல் காந்தியடிகள் அதன் கட்டிடத்துக்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1940-களின் முற்பகுதியில் மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் வித்யாலயம் குடியேறியது. மாணாக்கர் தம் வேலையைத் தாமே செய்துகொள்வது அங்கே வழக்கமாயிற்று. தோட்டம் கொத்துவதும், இருப்பிடத்தைத் துப்புரவு செய்வதும் படிப்பின் பகுதிகளாயின. உடம்பைக் கொண்டு உழைப்பது இழிவன்று என்பதை ஒரு சிறுவன் உணர்ந்துவிட்டால், உடம்பைப் பேணுவதும் கல்வியே என்பதை அவனுக்குத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அக்காலத்துப் பள்ளிக்கூடங்களில் தேகப்பயிற்சி என்ற பெயரால் நடந்துவந்தது என்ன என்பதை நினைத்துப் பார்த்தால்தான் பின்னால் அவர் செய்த காரியத்தின் பெருமை விளங்கும். பட்டாளத்திலிருந்து விலகி வந்தவர்கள் டிரில் மாஸ்டர்களாக நியமிக்கப்பட்டார்கள். வரிசையில் நில், திரும்பு, கையைத் தூக்கு என்று உத்தரவு போடுவதோடு அவர்களுடைய போதனை முடிந்தது. சோனிப் பையனுக்கும் தடிப் பையனுக்கும் ஒரே உத்தரவு. மற்றொரு பக்கம் நம்முடைய சொந்த வித்தைகளான குஸ்தியும் சிலம்பமும் ஊர்தோறும் ஆசான்களிடம் தங்கியிருந்தன. அந்த ஆசான்களுள் மகா நிபுணர்கள் உண்டு. ஆனால் வித்தை பெரும்பாலும் ரகசியமாகவே இருந்தது. தக்க சீடன் என்று ஆசான் கருதினவனுக்கே அது கிடைக்கும்; மற்றவர்கள் ஏகலைவனைப் போல எட்ட நின்று பார்க்க வேண்டியதுதான். ஒருபுறம் உத்தரவு, மறுபுறம் ரகசியம். இவ்விரண்டுக்கும் நடுவே சாமானியப் பிள்ளையின் உடம்பு கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இந்த நிலையை மாற்றச் சென்னையில் முதற்படி எடுத்துவைத்தவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் தேகப்பயிற்சி உபாத்தியாயர்களுக்கென்றே அவர் ஒரு பாடசாலையை நிறுவினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியை நடத்திச் சென்றவரும் அவரே. ஆட்டக்காரர்களைத் தேடுவதோடு நிற்காமல் ஆட்டம் கற்பிப்பவர்களைத் தயாரிக்க வேண்டும் என்பதை இந்நாட்டில் செய்து காட்டிய அவர் 1943-இல் காலமானார். சென்னையில் அவர் ஏற்றிய விளக்குக்கு, கொங்கு நாட்டுக் கிராமமொன்றில் துணை விளக்கு ஏற்றியவர் செட்டியார்.

அதற்கு முன்னர் அவர் ராஜாங்கப் பொறுப்பையும் வகித்தார். 1946-இல் ஸ்ரீ பிரகாசத்தின் மந்திரி சபையிலும், பின்னர் 1949 வரை ஓமந்தூர் ஸ்ரீ ராமசாமி ரெட்டியாரின் மந்திரி சபையிலும் கல்வி மந்திரியாக இருந்தார். உயர்தரப் பள்ளிகளில் தாய்மொழி வாயிலாகக் கற்பிப்பதற்கு ஊக்கம் கொடுத்தார். தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946-இல் நிறுவினார். வித்யாலயத்தில் ஆசிரியராயிருந்த ஸ்ரீ பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, அக்கழகம் 1954 முதல் 1968 வரையில் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. இந்தியாவிலேயே வழிகாட்டியாக அமைந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியதும் அவர் காலத்தில்தான். இவை தனித்தனிக் காரியங்களாகத் தோன்றலாம். உண்மையில் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. அறிவு சிலருடைய பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கலாகாது. ஜனங்களுடைய பாஷையில் ஜனங்களுடைய கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அது. தேகப்பயிற்சி விஷயத்திலும் அவர் இதே வழியில் சென்றார்.

1956-இல் வித்யாலயத்தில் மாருதி தேகப்பயிற்சிக் கலாசாலை பிறந்தது. பலத்துக்கும் பிரம்மசரியத்துக்கும் சேவைக்கும் உருவமாக நாம் வணங்கும் மாருதியின் பெயரை அதற்குச் சூட்டியது மிகவும் பொருத்தம். குவாலியரில் லக்ஷ்மிபாய் பெயரால் மத்திய சர்க்கார் கலாசாலை அமைத்தது 1957-இல். விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கென்று பாட்டியாலாவில் தேசிய ஸ்தாபனம் ஏற்பட்டது 1961-இல். டில்லி சர்க்கார் இத்துறையில் கண்விழித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், பெரியநாயக்கன்பாளையத்தில் கிராமத்து வாலிபர்கள் உடற்கூறும் உடலியக்கமும் பயின்று உபாத்தியாயர்களாக வெளிவரத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியர் கல்லூரிக்கும், கிராமியக் கல்வி ஸ்தாபனத்துக்கும் பக்கத்திலேயே இக்கலாசாலையும் அமைந்தது. தேகப்பயிற்சி உபாத்தியாயர் மற்ற உபாத்தியாயர்களுக்குச் சமமானவர் என்பதை அந்த அமைப்பே பறைசாற்றியது.

உபாத்தியாயர்களைத் தயாரிக்கத் தோன்றிய இத்தகைய கலாசாலைகள் நாளடைவில் ஆராய்ச்சிக்கும் இடமாயின. அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிவது நலம். வாலிபர்களை இரண்டு மூன்று கோஷ்டிகளாகப் பிரிக்கிறார்கள். வேகம், தாவும் சக்தி, மூச்சு நிற்கும் நேரம், ஆட்டத் திறன் ஆகியவற்றை அளந்து குறிக்கிறார்கள். ஒரு கோஷ்டிக்கு ஒருவகைப் பயிற்சி. மற்றொன்றுக்கு வேறு வகை. இன்னொன்றுக்கு வழக்கமான வாழ்க்கையே. சுமார் பன்னிரண்டு வாரத்துக்குப் பின் மீண்டும் அளந்து, உண்டான வித்தியாசம் பயிற்சியால் வந்ததா, தற்செயலாக வந்ததா என்று கணக்குப் பார்க்கிறார்கள். சடுகுடு ஆடுவோனுக்குக் குண்டு தூக்குவதால் பயன் அதிகமா, சிறு ஆடுகளத்தில் மும்மூவராக மோதிப் பழகுவதால் பயன் அதிகமா என்பன போன்ற கேள்விகளுக்கு இவ்வாறே விடை காண முடியும். ஆசானின் அநுபவத்தை இது தள்ளிவிடுவதில்லை. அதில் மணி எது, உமி எது என்று புடைத்துக் கொடுக்கிறது.

இதனால் விளையும் நன்மைக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் உதாரணம். 1930-களில் கெர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும் ரைண்டல் என்னும் இருதய வைத்தியரும் கூடி, ஓட்டக்காரர்களின் நாடியை எண்ணிப் பயிற்சி கொடுத்தார்கள். ஓடும்போது நாடி நிமிஷத்துக்கு 180 வரை ஏறட்டும். இளைப்பாறலில் 120-க்கு இறங்கியபின் மறுபடி ஓடட்டும் என்பது அவர்கள் கண்ட முறை. கெர்ஷ்லரின் சீடரான ஹார்பிக் 1939-இல் 800 மீட்டர் தூரத்தை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை நிறுவினார். உலகமெங்கும் பந்தாட்டக் கோஷ்டிகள் இன்று கையாளும் இடைவெளிப் பயிற்சிக்கு அவர்களுடைய முறை ஓர் அடிப்படை. வைத்தியரும் ஆசானும் ஒரே மைதானத்தில் நின்றதால் கிடைத்த பலன் இது.

ஆசான் கற்றவராக இல்லாவிட்டால் நேரும் நஷ்டம் என்ன? முதல் நஷ்டம், பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதிலேயே நேர்கிறது. கனடா தேசத்துப் பனிச்சறுக்கு ஹாக்கி ஆட்டக்காரர்களைப் பற்றி 1985-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி விசித்திரமான உண்மையை வெளிப்படுத்தியது. சிறந்த ஆட்டக்காரர்களில் வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அதிகம். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. காரணம் ஜாதகமன்று. ஜனவரி முதல் தேதியைக் கொண்டு வயதுப் பிரிவு வகுத்ததால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவனாக நின்றான். அவனுடைய உயரத்தைத் திறமை என்று எண்ணி ஆசான்கள் அவனையே பொறுக்கினார்கள். நம் பள்ளிகளிலும் 14, 17, 19 வயதுப் பிரிவுகள் உண்டு. பெரிய பையனைக் கண்டவுடன் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டு சின்னப் பையனைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தும் வழக்கமும் உண்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் அமர்த்திய செட்டியாரின் வழி, பொறுக்கியெடுக்கும் வழியன்று, வளர்த்தெடுக்கும் வழி.

இரண்டாவது நஷ்டம் உயிருக்கே ஆபத்தானது. மல்யுத்தம், குத்துச்சண்டை முதலியவற்றில் எடைப் பிரிவு உண்டு. எடையைக் குறைப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலும், வெப்ப அறையில் வியர்வை சிந்தியும் உடம்பை வதைப்பது பல தேசங்களில் வழக்கமாயிருந்தது. அமெரிக்காவில் 1997-ஆம் வருஷக் கடைசியில் மூன்று கல்லூரி மல்லர்கள் இவ்வாறு உயிர் துறந்தார்கள். அதன்பிறகே உடம்பின் நீரையும் கொழுப்பையும் அளந்து, ஒருவன் இறங்கக்கூடிய மிகக் குறைந்த எடையை நிர்ணயிக்கும் விதி அங்கே பிறந்தது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வினேஷ் போகட் இறுதிப் போட்டிக்கு வந்தும், 100 கிராம் எடை கூடிப்போனதால் தகுதி இழந்ததைத் தேசமே கண்டு கலங்கியது. மோதும் விளையாட்டில் கைத்திறன் பாதிதான். உடம்பை அறிந்து பேணும் சாஸ்திரம் மறுபாதி.

பெரியநாயக்கன்பாளையத்தில் மற்றொரு கிளையும் தழைத்தது. 2005-இல் ஏற்பட்ட ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா பல்கலைக்கழகத்தின் சார்பில், அங்கே பொது உடற்கல்வியோடு, அங்கக் குறையுள்ளவர்களுக்கு ஏற்ற உடற்கல்வியும் யோகமும் கற்பிக்கும் துறை அமைந்தது. கண்ணில்லாத பிள்ளையும் கால் விளங்காத பிள்ளையும் மைதானத்துக்கு உரியவர்களே என்பதை ஏற்றுக்கொண்ட தேகப்பயிற்சிதான் ஜனங்களுக்குச் சொந்தமான தேகப்பயிற்சி.

செட்டியார் பின்னர் லோக்சபையிலும் ராஜ்யசபையிலும் பணியாற்றினார். பெண்களுக்காக அவர் 1957-இல் கோவையில் தொடங்கிய மனையியல் கல்லூரி 1988-இல் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. 1970-இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1991-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி, தமது 88-வது வயதில் அவர் காலமானார். தமக்கென்று ஒரு குடும்பமில்லை. ஆனால் அவர் வளர்த்த ஸ்தாபனங்களிலிருந்து வெளிவந்த உபாத்தியாயர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றிலும் பரவியிருக்கிறார்கள்.

அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் இன்னும் பாக்கியிருக்கிறது. தேகப்பயிற்சி ஆராய்ச்சிகள் வருஷந்தோறும் நடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தடித்த அட்டையிட்டு, நூலக அலமாரியில் அடுக்கப்படுகின்றன. வால்பாறைத் தோட்டப் பள்ளியிலோ அன்னூர்க் கிராமப் பள்ளியிலோ ஊதுகுழலோடு நிற்கும் உபாத்தியாயர் கைக்கு அவை வந்து சேர்வதில்லை. பழைய ஆசானின் ரகசியம் போய், புதிய அலமாரியின் ரகசியம் வந்திருக்கிறது. தமிழுக்குக் கலைக்களஞ்சியம் கண்டவரின் ஊரிலிருந்தே இதற்குப் பரிகாரம் பிறக்க வேண்டும். ஒவ்வோர் ஆராய்ச்சியின் முடிவும் நாலு பக்கத் தமிழில் அச்சாகி ஒவ்வொரு பள்ளிக்கும் போகட்டும். தேகப்பயிற்சிக்குரிய மணியைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கும் வழக்கம் ஒழியட்டும். உபாத்தியாயர் இல்லாத பள்ளிகளுக்கு உபாத்தியாயரை நியமிக்கும்படி அந்தந்த ஊரிலுள்ள பொதுஜன ஊழியர்கள் சர்க்காரை விடாமல் நெருக்கட்டும். பதக்கம் பிறகு வரும். முதலில் மைதானத்துக்குக் கற்ற ஆசான் வரவேண்டும்.