உழவாரம் தாங்கிய நாவரசர்

திருமுனைப்பாடி நாட்டிலே திருவாமூர் என்னும் ஊரில், வேளாளர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாகத் தோன்றியவர் மருணீக்கியார். இவரே பின்னாளில் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் உலகம் போற்ற விளங்கிய பெருமான். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு.

இளமையிலேயே தந்தையார் மறைந்தார். அன்னையாரும் அவரைத் தொடர்ந்தார். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையாரோ போர்க்களத்தில் உயிர் நீத்தார். தாமும் உயிர் துறக்கத் துணிந்த தமக்கையார், தம்பி தனியனாவான் என்று எண்ணி, அவர் பொருட்டே உயிர் தாங்கி இருந்தார். உலகின் நிலையாமையைக் கண்ட மருணீக்கியார் தம் பொருளை அறத்திற்கே ஆக்கினார். அறச்சாலைகள் அமைத்தார், தண்ணீர்ப் பந்தர் வைத்தார், சோலை வளர்த்தார், குளம் தொட்டார். ஊரார் அனைவர்க்கும் பொதுவாய இவற்றைப் பேணுதலே அவருடைய முதல் தொண்டாக இருந்தது.

பின்னர்ச் சமண சமயம் சார்ந்து, பாடலிபுத்திரம் என வழங்கிய திருப்பாதிரிப்புலியூரில் அச்சமய நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். கல்வியும் புகழும் மிக்கிருந்த அந்நாளில் கொடிய சூலை நோய் அவரைப் பற்றியது. மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து, தமக்கையார் திருவடியில் விழுந்தார்.

திலகவதியார் அப்போது திருவதிகை வீரட்டானத்திலே, நாள்தோறும் பொழுது புலருமுன் எழுந்து, திருவலகிட்டுத் திருமெழுக்குச் சாத்தி, மலர் கொய்து மாலை தொடுத்து வந்தார். அன்றும் அவர் அலகும் தோண்டியும் தாங்கி முன்னே செல்ல, தம்பியார் திருநீறு பூசிப் பின்னே சென்றார். தருமசேனராய்ப் பெருஞ்சபைகளில் வீற்றிருந்தவர், துடைப்பம் ஏந்திய ஓர் அம்மையாரின் பின்னே நடந்துதான் இறைவன் சந்நிதியை அடைந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அங்குப் பதிகம் பாடிச் சூலை நீங்கப்பெற்றார். நாவுக்கரசு என்னும் திருப்பெயரும் பெற்றார்.

நாவினால் அரசரான அப்பெருமான், கையினால் தொண்டரானார். அன்று அவர் ஏந்திய கருவி உழவாரம். நீண்ட மரக்காம்பின் நுனியில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய அது, புல் செதுக்கும் எளிய கருவியேயாகும். கல் பாவாத திருச்சுற்றுகளில் புல்லும் நெருஞ்சியும் மண்டினால் வலம் வருவார் கால் நோகும். மதிலிலும் விமானத்திலும் ஆலும் அரசும் வேர்விட்டால் கட்டடமே பிளக்கும். இக்கேடு ஒரு நாளில் நேர்வதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்வது. ஆதலின் அதனைக் களையும் தொண்டும் நாள்தோறும் நிகழவேண்டும். இதனை உணர்ந்தே, பல்லவ மன்னன் நீற்றறையில் இட்டும், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளியும் அசையாத அப்பெரியார், சென்ற தலந்தொறும் குனிந்து புல் செதுக்கினார்.

தொண்டு தொண்டை வளர்க்கும் என்பதற்குத் திங்களூர் சான்று. அங்கு வாழ்ந்த அப்பூதியடிகள், நாவரசரை நேரிற் காணுமுன்னரே, அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தரும் சாலையும் குளமும் சோலையும் அமைத்தார். தம் பெயரைப் பொறிக்கும் உரிமை இருந்தும், தாம் போற்றும் அடியார் பெயரையே எங்கும் பொறித்தார். வழிநடந்து வந்த நாவரசர் தண்ணீர்ப் பந்தரில் தம் பெயரைக் கண்டு வியந்து நின்றார்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, நாவரசரும் திருஞானசம்பந்தரும் இறைவன் நாள்தோறும் அருளிய பொற்காசு கொண்டு அடியார்க்கு அமுதளித்தனர். நாவரசர் பெற்ற காசு வட்டமின்றிச் செலாவணியாயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்டனர். சம்பந்தர் இறைவனுக்கு மகன்மை உரிமை பூண்டவர். நாவரசரோ கைத்தொண்டு செய்யும் அடிமை என்று சேக்கிழார் பெருமான் இதற்குக் காரணம் காட்டுவார். உடல் வருந்தி உழைத்தவர் கூலிக்குக் குறைவு நேராது என்பதே இதன் கருத்தாகும்.

நிறைவாகத் திருப்புகலூரில் தங்கித் திருமுற்றத்தைச் செதுக்கி வந்த நாளில், பரற்கற்களோடு பொன்னும் மணிகளும் கிடந்து மின்னின. நாவரசர் கை நிற்கவில்லை. வலம் வருவார் பாதத்திற்கு இடையூறு என்ற அளவில் அவருக்குக் கல்லும் பொன்னும் ஒன்றாகவே பட்டன. இரண்டையும் உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்தார். முதுமையிலும் உழவாரம் நழுவாத அவர், அத்தலத்திலேயே ஒரு சித்திரைச் சதயத்தில் இறைவன் திருவடி சேர்ந்தார். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 81 ஆண்டுகள் என்பது மரபு.

இன்றும் சிவாலயங்களில் கூப்பிய கையும் தோளிற் சார்த்திய உழவாரமுமாகவே அவர் காட்சி தருகின்றார். தமிழகமெங்கும் பல ஊர்களில் அன்பர்கள் விடுமுறை நாட்களில் கூடி, பாழடைந்த கோயில்களில் புதர் நீக்கியும், திருக்குளம் தூர் வாரியும், விளக்குத் துலக்கியும் செய்யும் பணிக்கு உழவாரப்பணி என்ற பெயரே வழங்குகின்றது.

மெய்யன்பர்களே! குடமுழுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. புல்லோ மழை பெய்தவுடன் முளைப்பது. பொருள் வழங்கிய வள்ளல்களின் கொடையால் இன்று நம் திருக்கோயில் பொலிவுற்றது. அப்பொலிவு அடுத்த குடமுழுக்கு வரை நிற்பது, அலகும் உழவாரமும் ஏந்தும் கைகளைப் பொறுத்தது. பொருளுடையார்க்கும் இல்லார்க்கும் கை ஒன்றே. நாவரசர் முதலிற் பொருளையும் பின்னர்க் கையையும் ஈந்தார். பொருள் ஈந்த நாமும் கையை ஈவோமாக. இறைவன் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.