தேம்ஸ் நதியில் தோற்ற ஃபாரடே... குழாய்க்குள் ஜெயித்தது எப்படி?

1832 ஜனவரி. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவர் மீது 960 அடி நீளத்துக்குத் தாமிரக் கம்பி. அதன் இரு முனைகளிலிருந்தும் உலோகத் தகடுகள் தேம்ஸ் நதிக்குள் தொங்குகின்றன. இடையில் கால்வனோமீட்டர். அதன் முள்ளையே மூன்று நாள் கவனித்துக்கொண்டிருந்தார் மைக்கேல் ஃபாரடே. ஆத்துத் தண்ணியில மின்சாரமா?

கொல்லர் மகன்

1791-ல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் ஃபாரடே. பெரிய படிப்பு இல்லை. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதையும் அழகாக பைண்ட் செய்து அவருக்கே அனுப்பினார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

காந்தத்தால் மின்சாரத்தை உருவாக்கலாம் என்று 1831-ல் கண்டுபிடித்தார். காந்தப்புலத்தின் குறுக்கே ஒரு கடத்தி நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். அப்படியென்றால், பூமியே ஒரு காந்தம்; உப்பு கலந்த ஆற்று நீர் ஒரு கடத்தி. ஆறு ஓடினால் இரு கரைகளுக்கிடையே மின்னழுத்தம் வரணுமே! அதைத்தான் தேடினார்.

எங்கே சறுக்கியது?

முள் அசைந்தது. ஆனா தாறுமாறாக அசைந்தது. தகடுகளுக்குள் இருந்த சின்ன வித்தியாசம், இரு பக்கத் தண்ணீரின் வெப்பநிலை, சுத்தம் எல்லாமே தனித்தனியாக மின்னழுத்தத்தைக் கிளப்பின. தேடியது கிடைக்கவில்லை. ஃபாரடே அதை மறைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதி வைத்தார்.

இன்றைய மீட்டரில்...

1867-ல் ஃபாரடே இறந்தார். 1950-களில் அவரது யோசனை மின்காந்த ஃப்ளோ மீட்டராகச் சந்தைக்கு வந்தது. குழாயின் உட்புறம் மின்சாரம் கடத்தாத பூச்சு. வெளியே காந்தப்புலம் உண்டாக்கும் கம்பிச்சுருள்கள். எதிரெதிர் பக்கங்களில் 2 மின்முனைகள். தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அந்த அளவுக்கு மின்னழுத்தம் கூடும். வேகத்தைக் குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு ரெடி. குழாய் நிரம்பி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஃபாரடேவைக் குழப்பிய சிக்கலுக்கும் வழி கிடைத்தது. காந்தப்புலத்தின் திசையை மீட்டர் மாற்றி மாற்றிப் போடுகிறது. ஓட்டத்தால் வரும் மின்னழுத்தம் மட்டும் கூடவே திசை மாறும். மின்முனைகளில் தானாக வருவது மாறாது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அந்தத் தொல்லை போய்விடும். பூமியின் காந்தப்புலத்தை ஃபாரடே திருப்பிப் போட முடியுமா என்ன?

உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் சாக்கடை நீர், பால், காகிதக்கூழ் எதையும் அளக்கலாம். பெட்ரோலை மட்டும் முடியாது. அது மின்சாரத்தைக் கடத்தாதே!