இன்சுலின் தந்த டாக்டர் பேண்டிங்

நவம்பர் 14 என்றதும் நமக்கு நேரு மாமாவும் குழந்தைகள் தினமும்தான் ஞாபகம் வரும். நேரு பிறந்து சரியாக இரண்டு வருஷம் கழித்து, 1891-ல் அதே நவம்பர் 14-ந் தேதி கனடா நாட்டில் இன்னொருவர் பிறந்தார். அவர் பெயர் ஃபிரெடரிக் பேண்டிங். உலக நீரிழிவு தினத்தை நவம்பர் 14-ல் வைத்திருப்பது அவர் பிறந்தநாள் என்பதால்தான். இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை நடுவில் சொல்கிறேன்.

பேண்டிங் பிறந்தது அலிஸ்டன் என்ற ஊரில். விவசாயக் குடும்பம். அஞ்சு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முதலில் வேறு படிப்பில் சேர்ந்து, அது சரிப்படாமல் டாக்டர் படிப்புக்கு மாறினார். முதல் உலகப்போரில் ராணுவ டாக்டராகப் போனார். 1918-ல் பிரான்ஸ் நாட்டில் நடந்த சண்டையில் கையில் குண்டுத் துண்டு பாய்ந்தது. அந்தக் கையோடயே மற்ற வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தாராம். அதற்கு ஒரு பதக்கமும் கிடைத்தது.

போர் முடிந்து 1920-ல் லண்டன் என்ற ஊரில் ஆஸ்பத்திரி திறந்தார். (இங்கிலாந்து லண்டன் இல்லை, கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கு.) பாவம், ஆளே வரவில்லை. முதல் மாசம் முழுக்கச் சம்பாதித்தது 4 டாலர்தான். செலவுக்குப் பத்தாமல் ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். அந்தப் பாடத்துக்காக அக்டோபர் 30 ராத்திரி கணையத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்புறம் தூக்கமே வரவில்லை. நடுராத்திரி 2 மணிக்கு எழுந்து, மனசில் வந்த யோசனையை நோட்டில் எழுதி வைத்தார். அதில் டயாபடீஸ் என்ற வார்த்தைக்கே ஸ்பெல்லிங் தப்பு! இங்கிலீஷ் பரீட்சையில் ஸ்பெல்லிங்குக்கு மார்க் போகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கலாம்.

அந்த யோசனை புரியணும்னா கணையம் என்ன செய்கிறது என்று தெரியணும். அது இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு ரெண்டு வேலை. ஒண்ணு, செரிமான நீரைச் சுரந்து ஒரு குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புவது. இன்னொண்ணு, அதற்குள் தீவு மாதிரி அங்கங்கே இருக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் செய்கிற வேலை. இந்தத் திட்டுகளுக்குக் குழாய் கிடையாது. தங்கள் சுரப்பை நேராக ரத்தத்தில் விடுகின்றன. அதுதான் ஹார்மோன்.

நாம் சாப்பிட்ட சோறு குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. உடனே திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினை விடுகின்றன. அது ரத்தத்தோடு போய், தசை, கொழுப்பு செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு கதவைத் திற என்று தகவல் சொல்கிறது. குளுக்கோஸ் உள்ளே போகிறது. கல்லீரலும் மிச்சத்தைச் சேமித்து வைக்கிறது. பட்டினியாகக் கிடந்தால் ஆல்ஃபா செல்கள் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பும். கல்லீரல் சேமித்ததைத் திருப்பித் தரும். இன்சுலின் இல்லையென்றால், ரத்தம் நிறைய சர்க்கரை இருந்தும் செல்லுக்குப் பட்டினிதான். சர்க்கரை மூத்திரத்தில் போகும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பு தன் கொழுப்பையே கரைத்துச் சாப்பிட ஆரம்பிக்கும். அதில் அமிலம் சேர்ந்து மயக்கம் வரும். கவனிக்காவிட்டால் சாவுதான்.

கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்குச் சர்க்கரை நோய் வரும் என்று 1889-லேயே ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார்கள். கணையத்தை அரைத்து மருந்து எடுக்கப் பலபேர் முயற்சி செய்தார்கள். சரியாக வரவில்லை. இன்சுலின் ஒரு புரதம். அரைக்கும்போது செரிமான நீரும் கலந்து அதைச் சிதைத்துவிடுகிறது என்று பேண்டிங் நினைத்தார். குழாயைக் கட்டிவிட்டுச் சில வாரம் பொறுத்தால் செரிமான நீர் சுரக்கும் செல்கள் வாடிப்போகும், திட்டுகள் மட்டும் மிஞ்சும், அப்போது எடுக்கலாம் என்பதுதான் அவர் யோசனை. (இன்சுலினை மாத்திரையாக ஏன் விழுங்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். குடலில் போனால் செரித்துவிடும்.)

டொராண்டோவில் மெக்லியாட் என்ற பேராசிரியரைப் போய்ப் பார்த்தார். அவருக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஓர் அறையும், 10 நாய்களும், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் கொடுத்தார். பெஸ்டுக்கு அப்போது 22 வயசு. 1921 மே மாசம் வேலை ஆரம்பித்தது. நிறைய நாய்கள் செத்தன. எனக்கு இந்த இடம் படிக்கவே கஷ்டமாக இருந்தது. மார்ஜோரி என்ற நாய் மட்டும் கணையமே இல்லாமல் இந்த மருந்தில் சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. அப்புறம் குழாயைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை, மாட்டுக் கணையத்தில் ஆல்கஹால் சேர்த்தே எடுக்கலாம் என்று தெரிந்தது.

1922 ஜனவரி 11. டொராண்டோ ஆஸ்பத்திரியில் லியோனார்டு தாம்சன் என்ற பையனுக்கு முதல் ஊசி. அவனுக்கு வயசு 14, என் வயசு. எடை 30 கிலோ கூட இல்லை. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு ஒரே வைத்தியம் பட்டினி போடுவதுதான். முதல் ஊசியில் சரியாகவில்லை, போட்ட இடம் வீங்கியது, மருந்து சுத்தமாக இல்லை. காலிப் என்ற வேதியியல் அறிஞர் ராப்பகலாக உட்கார்ந்து சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். 520 இருந்த சர்க்கரை 120-க்கு இறங்கியது. லியோனார்டு அதுக்கப்புறம் 13 வருஷம் இருந்தான்.

என் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். என் சித்தி பொண்ணுக்கு 10 வயசு. போன வருஷம் அவள் செம்பு செம்பாகத் தண்ணி குடித்தாள், ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்து வெளியே போனாள், நல்லா சாப்பிட்டும் எலும்பும் தோலுமாக ஆனாள். ஒருநாள் வாந்தி எடுத்து மூச்சு வாங்க, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை நோய் என்றார்கள். மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்தாள் என்று ஊரில் சித்தியைத்தான் பேசினார்கள். இந்த வகை மிட்டாயால் வருவதே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஏமாந்துபோய் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. ஊசி பழகிப் போயிடும், பொம்பளப் புள்ளைய நாளைக்கு யார் கட்டுவா, நிறுத்திட்டு ஒரு மண்டலம் கஷாயம் கொடு என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். சித்தியும் பாதி மனசாகிவிட்டார். அன்றைக்கு ராத்திரி நான் சித்திக்கு லியோனார்டு கதையைச் சொன்னேன். 1921 வரை எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் ஊசி கிடையாது, எல்லாரும் கொஞ்ச நாளில் செத்துப் போனார்கள் என்றேன். சித்தி ஊசியை நிறுத்தவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. நர்ஸ் அக்கா சொன்னபடி, மருந்து பாட்டிலை டப்பாவில் போட்டு, தண்ணி இருக்கிற மண்பானைக்குள் வைக்கிறோம்.

வருகிற ஜூனில் அவள் நம் பள்ளிக்கு ஆறாம் வகுப்பு வருகிறாள். ஊசி போடும்போது கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். இது யாருக்கும் ஒட்டாது. திடீரென்று வேர்த்து நடுங்கினால் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே வாயில் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்துவிட்டு டீச்சரைக் கூப்பிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.

பேண்டிங் கதைக்கு வருகிறேன். 1923-ல் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூணு பேரும் இன்சுலின் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விற்றிருந்தால் கோடி கோடியாக வந்திருக்கும். அதே வருஷம் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் கிடைத்தது. பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று பேண்டிங்குக்குப் பயங்கரக் கோபம். தன் பணத்தில் பாதியை பெஸ்டுக்குக் கொடுத்தார். மெக்லியாடும் தன் பங்கில் பாதியை காலிப்புக்குக் கொடுத்தார். மெக்லியாட் மேல் பேண்டிங் கோபப்பட்டது சரியில்லை என்பது என் கருத்து. அவர் இடம் கொடுக்காவிட்டால் எதுவும் நடந்திருக்காது.

பிற்காலத்தில் பேண்டிங் நிறைய ஓவியம் வரைந்தார். 1941 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குப் போகும்போது விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விழுந்து இறந்துபோனார். 49 வயசுதான். 1922-ல் அவரிடம் வைத்தியத்துக்கு வந்த பிள்ளைகளில் எலிசபெத் ஹ்யூஸ் என்ற அமெரிக்கப் பெண்ணும் ஒருத்தி. 15 வயசு ஆகப்போகிற அவள் அப்போது வெறும் 20 கிலோ. அவள் படித்து, கல்யாணம் பண்ணி, மூணு பிள்ளைகள் பெற்று, 1981 வரை உயிரோடு இருந்தார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி