சட்டசபையில் ஒரு போர், புற்றுநோயுடன் ஒரு போர்: யார் இந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஆனால், அதைத் தொடங்கியவரே தேவதாசி முறைக்கு எதிரான சட்டத்துக்கும் அடித்தளம் போட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவம், சட்டம் என இரண்டிலும் தடம் பதித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை இது.

புதுக்கோட்டை டூ சென்னை

காரைக்குடி, வலையபட்டி பக்கத்து ஆட்களுக்கு புதுக்கோட்டை ஒன்றும் தூரமில்லை. அந்த ஊரில்தான் 1886 ஜூலை 30-ல் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தப் பின்னணியால் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பதை சின்ன வயதிலேயே உணர்ந்தார்.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான்தான் அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார். தன்னை சமமாக நடத்த வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கண்டிஷன்!

சட்டசபையில் என்ன செய்தார்?

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் இவர்தான். 1927-ல் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவராகவும் ஆனார். அதே ஆண்டு, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தக் கோரி தீர்மானம் கொண்டுவந்தார்.

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. கோயிலில் சேவை செய்தால்தான் தேவதாசி குடும்பத்துக்கு இனாம் நிலம். சேவையை விட்டால் நிலமும் போய்விடும். அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன வழி? அந்த முடிச்சைத்தான் 1929-ல் வந்த சட்டத்திருத்தம் அவிழ்த்தது. சேவை செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே என்றானது.

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவையும் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். தேவதாசிகளில் ஒரு பிரிவினரும், தங்கள் கலையும் வாழ்வும் போய்விடும் என்று எதிர்ப்பு தெரிவித்தார்கள். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் முத்துலட்சுமி பதவியை விட்டு விலக, மசோதா கிடப்பில் விழுந்தது. தடைச் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தை ஆரம்பித்தார். சட்டசபை அனுபவங்களை ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதினார்.

புற்றுநோய் பக்கம் திரும்பியது ஏன்?

காரணம், சொந்த வீட்டில் விழுந்த அடி. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவரை விடவே இல்லை. சென்னையில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கதவு கதவாகத் தட்டினார்.

புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதான், இதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அதிகார வட்டாரத்திலேயே இருந்த காலம் அது. அரசை மட்டும் நம்பாமல், இந்திய மாதர் சங்கம் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் வெறும் 12 படுக்கைகளுடன் அடையாறில் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடக்கும் நிறுவனமாக வளர்த்தார்கள். காசில்லாத ஏழை நோயாளியையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கைதான் அதன் அடையாளம்.

இன்று என்ன மிச்சம்?

1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22-ல் காலமானார். கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டுள்ளது. தங்கையைக் காப்பாற்ற முடியாத அந்த அக்கா தொடங்கிய மருத்துவமனைக்கு, இன்றும் பல ஊர்களிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.