டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலட்சுமி அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, தாயார் சந்திரம்மாள். பெண்கள் பள்ளி செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்து கற்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அம்மையாரின் அன்புத் தங்கை இளம் வயதில் நோயுற்றார். தொடக்கத்தில் அது வேறு நோய் என்றே கருதப்பட்டது. புற்றுநோய் எனத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. இத்துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று காண வேண்டும் என அவர் உறுதி பூண்டார்.

சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதற்பெண் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் அவர் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற சிறுமியர்க்கு அவ்வை இல்லம் நிறுவினார். இத்தனை பணிகளுக்கு இடையிலும் பழைய உறுதியை அவர் மறக்கவில்லை. தீராத நோய்க்குப் பணம் செலவிடுவது வீண் என்று பலர் எண்ணினர். அம்மையாரோ தளரவில்லை, இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் ஊர்தோறும் பொருள் திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர்.

மருத்துவமனை எழுந்தது, ஆயினும் நோயாளர் பலர் நோய் முற்றிய பின்னரே அதன் வாயிலை அடைந்தனர். மார்பில் தோன்றும் சிறு கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலின் அதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வாயில் ஆறாத புண்ணைச் சூடு என்பர். கருப்பை வாயில் தோன்றும் மாற்றத்தை வெளியே சொல்ல நாணுவர். தொடக்கத்தில் கண்டறிந்தால் இவற்றைக் குணமாக்கும் வாய்ப்பு மிகுதி. முற்றிய பின் அது குறைந்துவிடும். ஆகவே, நோயாளர் வரும்வரை காத்திராமல் மக்களிடம் சென்று நோயை ஆராயும் பணி இன்றியமையாததாயிற்று. அம்மையார் 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டே காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணா பெயரால் ஒரு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது.

அக்காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே மணிமங்கலம். பல்லவர் வரலாற்றில் போர்க்களமாகப் பெயர் பெற்ற இவ்வூரைச் சூழ, இன்று திருப்பெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளன. பல ஊர்களிலிருந்து வந்தோர் இப்பகுதியில் வாடகை அறைகளில் தங்கி, இரவும் பகலும் முறை வைத்து உழைக்கின்றனர். ஒருநாள் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலியை இழக்க நேரும் என்று அஞ்சுவோர் இத்தகைய பகுதிகளில் பலர். இவர்களை மருத்துவமனைக்கு அழைத்துவர, வீடு தேடிச் செல்லும் நலப்பணியாளரே ஏற்றவர். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும் ஆராய்கின்றனர். முப்பது வயது கடந்த பெண்களை மார்பகப் பரிசோதனைக்கும் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கும் அழைப்பதும் இத்தகைய நலப்பணியாளரின் கடமையாகும். அச்சத்தையும் நாணத்தையும் அகற்றும் ஆற்றல், அறிமுகமான ஒரு பெண்ணின் இன்சொல்லுக்கு உண்டு.

அம்மையாரின் தங்கைக்குக் கிட்டாதது, காலத்தே நோயை அறியும் வாய்ப்பு. அவ்வாய்ப்பைப் பிறர் வீட்டு வாயிலுக்கே கொண்டு செல்வோர், அம்மையார் தொடங்கிய பணியைத் தொடர்வோரே ஆவர்.