ராஜாவின் பணப்பைக்குப் பூட்டுப் போட்டவர்

இங்கிலாந்து அரண்மனைச் சமையலறையில் ஒரு வேலை இருந்தது. இறைச்சியைக் கம்பியில் கோத்து, நெருப்பின் மேல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் அரண்மனைச் செலவைக் குறைக்க டால்பட் பிரபு முயன்றார். சமையலறையில் கை வைக்க அவரால் முடியவில்லை. காரணம், கம்பி சுற்றும் வேலை ஒரு பார்லிமெண்டு மெம்பரின் பெயரில் இருந்தது!

மெம்பர் கம்பி சுற்றவில்லை. அதை யாரோ ஓர் ஏழை சுற்றினான். மெம்பருக்குச் சம்பளம் மட்டும் வந்தது. அதற்குப் பதிலாக அவருடைய ஓட்டு மன்னருக்குப் போயிற்று.

1780ஆம் ஆண்டு பிப்ரவரி 11ந் தேதி இந்தக் கதையைப் பார்லிமெண்டில் எடுத்துச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தவர்தான் எட்மண்ட் பர்க்.

வக்கீல் மகன்

பர்க், அயர்லாந்தில் உள்ள டப்ளின் நகரில் 1729ல் பிறந்தார். தகப்பனார் வக்கீல். அவர் புராட்டஸ்டண்டு, தாயார் கத்தோலிக்கர். ஒரே வீட்டில் இரண்டு வழிபாடு. அந்த நாளில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்கு உரிமைகள் மிகக் குறைவு. ஆகவே சட்டத்தின் கொடுமை என்ன என்பதைத் தாயாரின் உறவினர்களைப் பார்த்தே பர்க் தெரிந்துகொண்டார்.

சட்டம் படிக்க 1750ல் லண்டன் சென்றார். படிப்பில் மனம் ஒட்டவில்லை. பாதியில் விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். 1757ல் ஜேன் நியூஜெண்ட் என்ற பெண்ணை மணந்தார். கையில் காசு இல்லை. பேனாதான் சோறு போட்டது.

1765ல் ராக்கிங்காம் பிரபு பிரதம மந்திரியானார். பர்க் அவருக்குக் காரியதரிசி ஆனார். அந்த ஆண்டு முடிவதற்குள் பார்லிமெண்டு மெம்பரும் ஆனார்.

அவர் பேசினால் மணிக்கணக்கில் பேசுவார். அயர்லாந்து உச்சரிப்பு வேறு. அவர் எழுந்ததும் பல மெம்பர்கள் சாப்பிடப் போய்விடுவார்களாம். அதனால் அவருக்குச் சாப்பாட்டு மணி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் 1780ல் அந்த நாள் யாரும் எழுந்து போகவில்லை.

யார் வீட்டுப் பணம்?

அப்போது நடந்து வந்த மோசடி இதுதான். மன்னரின் குடும்பச் செலவுக்கும், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சம்பளத்துக்கும் ஆண்டுக்கு 8 லட்சம் பவுன் என்று 1760ல் பார்லிமெண்டு ஒதுக்கியது. எல்லாம் ஜனங்கள் கட்டிய வரி. அது போதவில்லை என்று மன்னர் கடன் வாங்கினார். 1769ல் 5 லட்சம் பவுனுக்கு மேல் கடனை அடைத்தார்கள். 1777ல் மறுபடியும் 6 லட்சம் பவுனுக்கு மேல் அடைத்தார்கள். ஆண்டுத் தொகையும் 9 லட்சமாக உயர்ந்தது.

பணம் எங்கே போயிற்று? வேலை இல்லாத உத்தியோகங்களுக்கும், ரகசியப் பென்ஷன்களுக்கும், தேர்தல் செலவுக்கும் போயிற்று. மன்னரின் மந்திரிகள் மெம்பர்களை இப்படித்தான் தங்கள் பக்கம் வைத்திருந்தார்கள். சர்க்காரைக் கண்காணிக்க வேண்டிய சபையை, சர்க்கார் பணத்தைக் கொண்டே விலைக்கு வாங்கினார்கள். வரி கட்டியவன் தன் வாயைத் தன் காசாலேயே அடைத்துக்கொண்டான்!

அமெரிக்காவுடன் யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. வரி ஏறியது. ஊர் ஊராக ஜனங்கள் மனுப் போட்டார்கள். இந்தச் சமயத்தில்தான் பர்க் மசோதா கொண்டு வந்தார்.

வியாபார போர்டு என்று ஒன்று இருந்தது. எட்டு உறுப்பினர்கள், ஆண்டுக்கு ஆளுக்கு 1,000 பவுன், வேலை சொற்பம். ரோமாபுரியின் வீழ்ச்சியை எழுதிய புகழ்பெற்ற சரித்திர ஆசிரியர் கிப்பனும் அந்த எட்டுப் பேரில் ஒருவர். தம் வேலைக்கு உலை வைக்கும் அந்தப் பேச்சைக் கேட்டு கிப்பனே ரசித்தார் என்பது வேடிக்கை. போர்டை ஒழிக்கும் பிரிவு எட்டே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆனால் மசோதா முழுவதும் பிழைக்கவில்லை.

ஏப்ரல் 6ந் தேதி, மன்னரின் செல்வாக்கைக் குறைக்க வேண்டும் என்று டன்னிங் என்ற மெம்பர் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கு ஆதரவாக 233 ஓட்டு, எதிராக 215. மன்னருக்குப் பலத்த அடி!

1782 மார்ச்சில் ராக்கிங்காம் மறுபடி பிரதமரானார். பர்க்கின் மசோதா சட்டம் ஆயிற்று. 134 உத்தியோகங்கள் ஒழிந்தன. வியாபார போர்டும் போயிற்று. பென்ஷன் கொடுத்தால் பெயரைக் கஜானாவில் பதிவு செய்ய வேண்டும். உள்நாட்டு ரகசியச் செலவு ஆண்டுக்கு 10,000 பவுனுக்கு மேல் போகக்கூடாது. அதே ஆண்டு இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. சர்க்கார் காண்டிராக்டர்கள் பார்லிமெண்டில் உட்காரக்கூடாது என்றது ஒன்று. வரி வசூல் சிப்பந்திகளுக்கு ஓட்டு இல்லை என்றது மற்றொன்று. மந்திரி சொன்னபடி அவர்கள் ஓட்டுப் போட்டு வந்ததால் இந்த ஏற்பாடு.

பர்க்குக்குப் படைச் சம்பள அதிகாரி பதவி கிடைத்தது. பணம் கொழிக்கும் பதவி அது. சிப்பாய்களுக்கான பணம் அதிகாரியின் கைக்கு வரும். கணக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை வட்டி அவருக்கே! ஹென்றி பாக்ஸ் என்பவர் இப்படித்தான் பெரும் பணக்காரர் ஆனார். அவருடைய மகன் சார்லஸ் பாக்ஸ், பர்க்கின் உயிர் நண்பர். அதைப் பார்த்துப் பர்க் தயங்கவில்லை. பணம் இனி இங்கிலாந்து பாங்கியில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார். தமக்கு 4,000 பவுன் சம்பளம் மட்டும் என்று நிர்ணயித்துக்கொண்டார்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அதே 1782ல் தம்பி ரிச்சர்டுக்குக் கஜானாவில் காரியதரிசி வேலை கிடைத்தது. மகனுக்குத் தம் இலாகாவிலேயே வேலை கொடுத்தார். ஊரார் பேசாமல் இருப்பார்களா? பேசினார்கள்.

சேப்பாக்கம் நவாப்

ஜூலையில் ராக்கிங்காம் இறந்தார். பர்க் பதவி விலகினார். அடுத்து அவர் கண் விழுந்த இடம், நம் சென்னைப் பட்டணம்.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி சேப்பாக்கம் அரண்மனையில் வசித்தார். கும்பினி உத்தியோகஸ்தர்களிடம் கடன் வாங்கினார். வட்டி ஏறியது. ஈடாக ஜில்லாக்களின் வரி வசூலை எழுதிக் கொடுத்தார். ஏரி மராமத்துக்குப் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போயிற்று. 1780ல் ஹைதர் அலி படையெடுத்தபோது கர்நாடகத்து ஊர்கள் தீக்கு இரையாயின. ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். அதற்குப் பிறகும் கடன்காரர்கள் விடவில்லை.

அந்தப் பணம் லண்டனுக்குப் போய் ஓட்டாக மாறியது. கடன்காரர்களில் பெரிய புள்ளி பால் பென்பீல்டு. 1780ல் அவரே மெம்பர் ஆனார். அவர் தயவில் எட்டு மெம்பர்கள் சபைக்கு வந்தார்கள் என்று பர்க் குற்றம் சாட்டினார். நவாபுக்காக லண்டனில் வாதாட ஜேம்ஸ் மக்பெர்சன் என்ற ஏஜெண்டு இருந்தார். அவரும் மெம்பர்தான்!

1784ல் பிட் மந்திரிசபை கடன் முழுவதையும் ஒப்புக்கொண்டது. கும்பினி டைரக்டர்களே விசாரணை வேண்டும் என்றார்கள். மந்திரி டண்டாஸ் கேட்கவில்லை. கர்நாடகத்து வருமானத்தில் ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், கடனுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

1785 பிப்ரவரி 28ந் தேதி பர்க் எழுந்தார். இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பழைய ராஜாக்கள் வெட்டிய ஏரிகளைப் பற்றியும், கரை உடைந்து தூர்ந்து கிடப்பதைப் பற்றியும் நேரில் பார்த்தவர் போல் பேசினார். கடன் பத்திரங்களை வெளியிடு, விசாரணை செய் என்பதே கோரிக்கை. சபை தோற்கடித்தது.

இங்கும் ஒரு சிக்கல். பர்க்கின் நெருங்கிய உறவினர் வில்லியம் பர்க், தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்டாக இருந்தவர். நவாபுக்கும் தஞ்சை ராஜாவுக்கும் தகராறு. ஆகவே பர்க் ஒரு கட்சிக்காகப் பேசுகிறார் என்றார்கள் எதிரிகள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அவர் காட்டிய கணக்கு பொய் ஆகிவிடவில்லை.

கடைசி நாட்கள்

கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பர்க் நடத்திய வழக்கு 1788ல் தொடங்கி 1795ல் முடிந்தது. ஹேஸ்டிங்ஸ் விடுதலை ஆனார். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்ததால் பாக்ஸின் நட்பும் 1791ல் முறிந்தது. 1794ல் ஒரே மகன் ரிச்சர்டு 36 வயதில் இறந்தான். பர்க் நொறுங்கிப்போனார்.

கடன் தொல்லை நெருக்கியது. மன்னரிடமிருந்து அவரே பென்ஷன் வாங்கினார். பென்ஷனைக் குறைத்தவரே பென்ஷன் வாங்கலாமா என்று பெட்போர்டு பிரபு கேலி செய்தார். பர்க் சும்மா இருக்கவில்லை. 1796ல் ஒரு நீண்ட பதில் எழுதினார். தாம் உழைத்துப் பெற்றது சொற்பம். பெட்போர்டு வம்சமோ உழைக்காமல் ராஜாக்களிடம் பெற்றது ஏராளம் என்று அதில் கணக்குக் காட்டினார்.

1797 ஜூலை 9ந் தேதி பர்க் காலமானார். அவர் வாழ்ந்த பீக்கன்ஸ்பீல்டு ஊர்க் கோவிலிலேயே அடக்கம் நடந்தது.

1801ல் கர்நாடகத்தைக் கும்பினி எடுத்துக்கொண்டது. நவாபுக்கு மேலும் கடன் கொடுத்ததாகப் புதிது புதிதாகப் பத்திரங்கள் வந்து குவிந்தன. 1805ல் விசாரணைக் குழு அமைத்துப் பார்த்தார்கள். கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு கூட உண்மைக் கடன் என்று தேறவில்லை. விசாரிக்காமல் 1784ல் ஒப்புக்கொண்ட பழைய கடனுக்குக் கொடுத்த பணம், போனது போனதுதான்.