தந்தை மறைத்த கலை

பிரெஞ்சு நாட்டில் 1623ஆம் ஆண்டு பிறந்த பிளேஸ் பாஸ்கல், மூன்றாம் வயதில் தாயை இழந்தார். தந்தை எத்தியேன் அவருக்கு ஆசானும் ஆனார். அவர் கணிதத்தில் வல்லவர். எனினும், கணிதச் சுவை மைந்தனின் இலத்தீன், கிரேக்கப் பயிற்சியைத் தடுத்துவிடும் என அஞ்சினார். பதினைந்து வயது வரை அது வேண்டாமெனக் கணித நூல்களை மறைத்துவைத்தார்.

வடிவியல் யாதென மைந்தன் வினவியபோது, சுருங்க விடையிறுத்து, அதைப் பற்றிப் பேசலாகாது எனவும் தடுத்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவரோ ஓய்வு நேரத்தில் கரித்துண்டால் தரையில் உருவங்கள் வரைந்தார். அவற்றுக்குத் தாமே பெயரிட்டார். முக்கோணத்தின் கோணங்கள் கூடி இரு செங்கோணமாகும் என்னும் உண்மை வரை தனித்தே சென்றார் என்று தமக்கையார் ஜில்பெர்த் எழுதிய வரலாறு கூறுகிறது. அதைக் கண்ணுற்ற தந்தையார் உவகைக் கண்ணீர் சொரிந்தார்; யூக்ளிடின் நூலைத் தம் கையாலேயே வழங்கினார்.

பதினாறாம் வயதில் கூம்பு வெட்டுகள் பற்றிக் கட்டுரை வரைந்த பாஸ்கல், வரிக் கணக்கில் தந்தை படும் பாடு கண்டு, 1642இல் கணக்கிடும் பொறியொன்றை அமைக்கத் தொடங்கினார். தந்தை அஞ்சி மறைத்த கலையே அவருடைய சுமையைக் குறைக்க முன்வந்தது. 1662இல், 39ஆம் வயதில் பாஸ்கல் மறைந்தார். அழுத்தத்தின் அலகு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாம் வகுத்த வயது வரம்பைத் தாமே நீக்கிய அத்தந்தையின் பெருந்தன்மை, பெற்றோரும் ஆசிரியரும் நெஞ்சிற் கொள்ளத்தக்கதாகும்.